ஆவாரையும் மரத்துப்போன பாதமும்

வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள அமிர்திக் காட்டை வெளியூர்ப் பயணிகள் அங்குள்ள அருவிக்காகவும், 1967இல் தொடங்கப்பட்ட சிறிய உயிரியல் பூங்காவுக்காகவும் அறிவார்கள். வட்டாரத்து மக்களோ அதனை மூலிகைக் காடு என்றே சொல்லி வருகின்றனர். அந்தக் காட்டை ஒட்டிய மேட்டு நிலங்களில் யாரும் விதைக்காமலே வளர்ந்து மஞ்சளாகப் பூக்கும் ஆவாரைக்கு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இரண்டு வரலாறுகள் இங்கு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் ஷாப்புகளில் குரோமிய உப்பு வந்து சேர்வதற்கு முன், ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில்தான் பதனிடப்பட்டன. கடுக்காய் அதற்குத் துணை நின்றது. அதே ஆவாரையின் பூ, இலை, விதை, பட்டை, வேர் ஆகிய ஐந்தையும் சித்த மருத்துவம் நீரிழிவுக்கான முதன்மை மருந்துகளுள் வைத்து எண்ணுகிறது.

இரண்டு பயன்களையும் இணைப்பது துவர்ப்பு. ஆவாரம்பட்டையில் நிறைந்துள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் புரதங்களோடு இறுகப் பிணையும் இயல்புடையது. விலங்குத்தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தோடு அது பிணைவதால்தான் பச்சைத்தோல் அழுகாமல் பதமடைகிறது. வாயில் ஊறும் உமிழ்நீர்ப் புரதங்களோடு பிணைவதால்தான் துவர்ப்பானதைத் தின்றவர்க்கு நாக்கு இழுத்துப் பிடித்தாற்போல் ஆகிறது. குடலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளும் புரதங்களே ஆதலால், துவர்ப்புப் பொருள்கள் அந்த நொதிகளின் வேகத்தைத் தடுப்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது; உணவுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை திடீரென ஏறுவதை அது ஓரளவு தணிக்கக்கூடும். ஆக, சர்க்கரை நோய்க்கு ஆவாரை என்ற மரபில் பொருளில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கிருந்து ஒரே தாவலில், சர்க்கரையால் கெட்ட நரம்பையும் ஆவாரை மீட்டுத்தரும் என்ற முடிவுக்குப் போவதுதான் கடைகளிலும் விளம்பரங்களிலும் நாள்தோறும் நடக்கிறது. இந்த இரண்டாவது கூற்று எவ்வளவு தாங்கும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் நோயின் இயல்பைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடிப் பேர் என்றும், தமிழகத்தில் 20 வயதைக் கடந்தோரில் 14.4 விழுக்காட்டினர் என்றும் மதிப்பிட்டது. நோய் ஆண்டுக்கணக்கில் நீளும்போது அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நரம்புச் சிதைவு ஏதேனும் ஓர் அளவில் ஏற்படுகிறது. தசையணுவுக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் வேண்டும்; நரம்பணுவுக்குள் நுழைய அது வேண்டியதில்லை. எனவே இரத்தத்தில் சர்க்கரை மிகும்போதெல்லாம் நரம்புக்குள்ளும் அது மிகுகிறது. அங்கு ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்னும் நொதி அதைச் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலாக மாற்ற, அந்த மாற்றத்தின் போக்கில் நரம்பணு தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்கள் செலவாகிவிடுகின்றன. எஞ்சிய குளுக்கோஸ் புரதங்களின்மேல் படிந்து அவற்றின் தன்மையைக் கெடுக்கிறது. இவற்றோடு, நரம்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் மயிரிழை போன்ற குழாய்களும் தடித்து அடைபடுவதால், நரம்பு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே நேரத்தில் நலிகிறது.

உடலின் மிக நீண்ட நரம்பிழைகள் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து கால் விரல் நுனிவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் ஓடுகின்றன. நீளம் மிக்கது முதலில் நலியும் என்பதால் சிதைவு கால்விரலில் தொடங்கி, காலுறை போடும் அளவுக்கு மேலேறி, பின்னரே கைவிரல்களுக்கு வருகிறது. அப்போது சிலருக்கு இரவில் பாதம் தீயாய் எரிகிறது, ஊசி குத்துகிறது, போர்வை பட்டாலும் கூசுகிறது; சிலருக்கு மதமதப்பு மட்டும் உண்டு, தரை பஞ்சுபோல் தோன்றுகிறது; பாதிப்பேர் வரை எந்தத் தொல்லையும் உணர்வதில்லை. வலி உள்ளவர் மருந்து தேடி அலைகிறார். உணர்வு போனவருக்கோ தேடுவதற்கு ஒரு காரணமும் தெரிவதில்லை. செருப்பு கழன்று விழுந்ததை அறியாமல் நடந்து, முள் ஏறியதை மறுநாள் காலுறையில் இரத்தக்கறை கண்டு அறிபவர் இவர்தான். வலியும் மரப்பும் ஒரே நோயின் இரு முகங்கள் என்றாலும், வலியைக் குறைப்பது ஒன்று, நரம்பை மீட்பது மற்றொன்று. மூலிகைகளைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமற்போகிறது.

சித்த மருத்துவம் நீரிழிவை, மதுமேகம் என்ற பெயரில், மேக நோய்களுள் ஒன்றாக வைத்து ஆராய்கிறது. நோய் முற்றும்போது தோன்றும் துன்பங்களைப் பத்து அவத்தைகளாக, அதாவது பத்து நிலைகளாக, அது வரிசைப்படுத்தியுள்ளது. பிளவை எனப்படும் பெரும்புண் நீரிழிவின் பின்விளைவு என்பதை அறிந்திருந்த அந்த மரபின் கூர்மையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. அதன் புகழ்பெற்ற மருந்தான ஆவாரைக் குடிநீர், ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம் ஆகியவற்றைச் சேர்த்து இடித்த சூரணத்தைக் காய்ச்சி இறக்குவது. இந்த ஏழில் பெரும்பாலானவை துவர்ப்புச் சரக்குகள் என்பது கவனிக்கத்தக்கது. கடலழிஞ்சில் வேரில் உள்ள சலாசினால் என்ற பொருள் குடலின் சர்க்கரை நொதிகளைத் தடுப்பதை ஜப்பானிய வேதியியலார் 1990களில் பிரித்தெடுத்துக் காட்டினர். இலங்கையில் அதன் மரத்தைக் கடைந்து செய்த குவளையில் இரவு நீர் ஊற்றி வைத்துக் காலையில் பருகும் வழக்கம் அதற்கு நெடுங்காலம் முந்தியது.

தமிழகத்தில் வேங்கைக் குவளைக்கு அதே இடம். வேங்கையின் வைரக்கட்டையிலிருந்து எடுத்த சாற்றை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கு மையங்களில் புதிய நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 97 பேரில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததாக 1998இல் அறிவித்தது. சிறுகுறிஞ்சான் இலையைப் பற்றி சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட முடிவு உலகெங்கும் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: வழக்கமான மாத்திரையோடு அந்த இலைச் சாற்றை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் வரை உட்கொண்ட 22 பேரில் ஐவர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. இவை பொருட்படுத்தத்தக்க முடிவுகள். எனினும் இவ்விரண்டிலும் நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து, எது வெறும் பொடி என்று தெரியாமல் வைத்து ஒப்பிடும் முறை கையாளப்படவில்லை. அவை அளந்தது இரத்தச் சர்க்கரையைத்தான். நரம்பில் என்ன நடந்தது என்பது அவற்றின் கேள்வியே அன்று.

சர்க்கரை குறைந்தால் நரம்பு தானே தேறாதா என்று கேட்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடந்த பெரும் ஆய்வு 1993இல் முடிவுகளை வெளியிட்டபோது, சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் நரம்புச் சிதைவு 60 விழுக்காடு குறைவாகத் தோன்றியது தெரியவந்தது. அந்த ஆதாயம் பெரும்பாலும் சிதைவு தொடங்காமல் தடுத்ததில் இருந்தது. கெட்டதைச் சீர்செய்ததில் அன்று. நம்மிடையே மிகுதியாக உள்ள இரண்டாம் வகை நீரிழிவிலோ, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதால் மட்டும் நரம்புக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மேலும் சிறிதே என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. உடல் எடை, இரத்தக் கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியவையும் அங்கே நரம்பைத் தாக்குகின்றன. இன்சுலினே இவ்வளவுதான் செய்யும் என்னும்போது, அதைவிட மென்மையாகச் சர்க்கரையைத் தணிக்கும் ஒரு கஷாயத்திடம் நரம்பு மீட்பை எதிர்பார்ப்பது அந்தக் கஷாயத்துக்குச் செய்யும் அநீதி.

இனி, சர்க்கரையை விட்டுவிட்டு நரம்பின்மீதே நேரடியாகச் சோதிக்கப்பட்ட தாவரங்களுக்கு வரலாம். இவற்றுள் சான்று மிக உறுதியாக உள்ள ஒன்று, எவரும் மூலிகையாகவே நினைக்காத மிளகாய். அதன் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்ற பொருள், வெப்பத்தால் சுடுவதை உணரும் நரம்பு நுனிகளின் வாயிற்புரதம் ஒன்றைத் திறக்கிறது. மிளகாய் உண்மையில் சுடாமலே சுடுவதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்பதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த வாயிலை மிகுந்த செறிவுள்ள கேப்சைசினால் தொடர்ந்து திறந்து வைத்தால் நரம்பு நுனி சோர்ந்து, தோலிலிருந்து தற்காலிகமாகப் பின்வாங்கிவிடுகிறது. எட்டு விழுக்காடு கேப்சைசின் கொண்ட ஒட்டுப்பட்டையை மருத்துவர் மேற்பார்வையில் பாதத்தில் 30 நிமிடங்கள் ஒட்டி எடுத்தால் எரிச்சல் மூன்று மாதம்வரை தணிகிறது என்று கண்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நீரிழிவு நரம்புவலிக்கு அதை 2020இல் அனுமதித்தது. இங்கே நடப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்: வலி போகிறது, ஏனெனில் வலியைச் சொல்லும் நரம்பு நுனி ஒதுங்கிக்கொண்டது. மிகச் சிறந்த தாவர மருந்தும் நரம்பை வளர்க்கவில்லை, அமைதிப்படுத்தியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு அம்மியில் மிளகாயை அரைத்துக் காலில் பூசுவோர் இருப்பின், அவர்களுக்குக் கிடைப்பது கொப்புளம் மட்டுமே.

இரண்டாவது தாவரம் தமிழ் மருத்துவத்துக்குப் பழைய உறவு. வறண்ட மணற்பாங்கான நிலங்களில் படர்ந்து, சிறு தர்ப்பூசணி போலக் காய்க்கும் ஆற்றுத்தும்மட்டியை, பேய்க்கும்மட்டி என்றும் சொல்வதுண்டு. சித்த மருத்துவத்தில் அதன் சாறு சேர்ந்த மெழுகு மருந்துகள் உண்டு. ஈரானில் நீரிழிவு நரம்புவலி உள்ள 60 பேரிடம், அந்தக் காயிலிருந்து ஆக்கிய வெளிப்பூச்சு எண்ணெயை மூன்று மாதங்கள் போலி எண்ணெயோடு ஒப்பிட்டுப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், உண்மை எண்ணெய் பூசியவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. அமெரிக்க நரம்பியல் கழகம் 2022இல் தன் வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோது, மாத்திரைக்கு மாற்றாக வெளிப்பூச்சை விரும்புவோருக்குக் கேப்சைசினோடு இந்தக் காயையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. நம் பக்கத்துத் தரிசு நிலத்துக் கொடி ஒன்றுக்கு இது சிறிய பெருமை அன்று.  ஆயினும் அதன் சான்று ஓர் ஆய்வின் சான்றே. உள்ளே உட்கொண்டால் குடலைக் கிழிக்குமளவு பேதியாக்கும் நச்சுத்தன்மை அந்தக் காய்க்கு உண்டு என்பதை இதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜாதிக்காயின் கதை வேறொரு வகையில் பாடம் தருகிறது. டிரினிடாடு தீவில் 74 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஜாதிக்காய் எண்ணெய் கலந்த பூச்சைப் பயன்படுத்தியவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது. ஜாதிக்காய் இல்லாத, மற்றபடி அதே மணமுள்ள பூச்சைப் பயன்படுத்தியவர்களுக்கும் அதே அளவு குறைந்தது. தேய்க்கும் கையும், குளிர்ச்சி தரும் மென்தாலும், கவனித்துக் கேட்கும் மருத்துவரும் சேர்ந்தே வலியில் ஒரு பங்கைத் தணித்துவிடுகின்றனர். ‘எனக்குக் கேட்டது’ என்று நோயாளி சொல்வது பொய்யன்று. கேட்டது எது என்பதே அவரால் பிரித்தறிய முடியாதது. மூலிகைகளும் நரம்புவலியும் பற்றிய நம்பகமான ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்க முனைந்த காக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டு மதிப்பாய்வில், தகுதியுள்ளவையாகத் தேறியவை இரண்டே இரண்டு. அவற்றுள் ஒன்று இந்த ஜாதிக்காய் ஆய்வு.

மஞ்சளுக்கு விளம்பரம் மிகுதி, சான்று நடுத்தரம். அதிலுள்ள குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. நுண்துகளாக்கிய குர்குமினை எட்டு வாரங்கள் உட்கொண்ட நோயாளிகளிடம் நரம்புக் குறிகள் சற்று மேம்பட்டதாக 80 பேரைக் கொண்ட ஈரானிய ஆய்வு ஒன்று 2019இல் தெரிவித்தது. சாம்பாரில் விழும் மஞ்சளுக்கும் அந்த நுண்துகளுக்கும் உறவு பெயரளவில்தான். பூண்டைப் பொறுத்தவரை, 1950களில் ஜப்பானியர் அதில் கண்ட அல்லிதயமின் என்ற பொருளைத் தொடர்ந்தே பென்ஃபோதயமின் என்ற வைட்டமின் பி1 வழிப்பொருள் உருவாயிற்று. பசலைக் கீரையில் உள்ள லிப்போயிக் அமிலம் 600 மில்லிகிராம் அளவில் ஜெர்மனியில் பல ஆண்டுகளாக நரம்பெரிச்சலுக்குக் கொடுக்கப்படுகிறது. இரண்டும் இன்று தொழிற்சாலையில் செய்யப்படுபவை. அந்த அளவைக் கீரையாகவோ பூண்டாகவோ தின்று பெற முடியாது. இந்த இடத்தில், இயற்கை மருந்து எதிர் இரசாயன மருந்து என்ற வழக்கமான சண்டை எவ்வளவு பொருளற்றது என்பதற்கு நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினையும் நினைவுகூரலாம்: ஐரோப்பியர் பழங்காலத்தில் பயன்படுத்திய கலேகா என்னும் செடியின் வேதிப்பொருளைப் பின்தொடர்ந்து வந்த ஆராய்ச்சியின் விளைவாக, 1957இல் ஜான் ஸ்டேர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் மனிதர்க்குக் கொடுத்துப் பார்த்த மாத்திரை அது.

சோதித்துப் பார்க்கப்பட்ட இந்தச் சில தாவரங்களுக்கு அப்பால், நரம்பைக் காப்பதாக நூற்றுக்கணக்கான செடிகளைப் பற்றிய ஆய்வுக்கட்டுரைகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எலிகளோடு நின்றுவிட்டவை. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற நஞ்சை ஊசியாகப் போட்டு எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்து, சில வாரங்களுக்கு ஒரு செடியின் சாற்றைப் புகட்டி, வாலையோ பாதத்தையோ சுடுபரப்பில் வைத்து எத்தனை வினாடியில் இழுத்துக்கொள்கிறது என்று அளப்பது அந்த ஆய்வுகளின் பொதுவான முறை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் மெல்ல மெல்லச் சிதையும் மனித நரம்பு எங்கே, சில வாரங்களில் நலிந்த எலி நரம்பு எங்கே. அறுபட்ட நரம்பிழை நல்ல சூழலில் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். நச்சுச் சூழல் தொடரும் உடலில் அதுவும் இல்லை. ‘நாற்பத்தெட்டு நாளில் நரம்பு புத்துயிர் பெறும்’ என்னும் துண்டறிக்கைகளை இந்தக் கணக்கோடு வைத்துப் படிக்க வேண்டும்.

தீங்கற்றது என்பதும் ஆராயாமல் ஏற்கத்தக்க கூற்றன்று. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருப்பதாக 2008இல் அறிவித்தது. ஈயமும் ஆர்செனிக்கும் தாமே நரம்பை அழிப்பவை. நரம்பு நோய்க்கு மருந்து என்று உண்டதே நரம்பு நோயைத் தரும் விபரீதம் இது. சித்த மருத்துவம் உலோகங்களைச் சுத்தி செய்து பற்பமாகவும் செந்தூரமாகவும் ஆக்குவதற்கு விரிவான முறைகளை வகுத்துள்ளது உண்மையே. பட்டம் பெற்ற சித்த மருத்துவர், உரிமம் பெற்ற தயாரிப்பு, பொட்டலத்தின்மேல் அச்சிட்ட மூலப்பொருள் பட்டியல் ஆகிய மூன்றும் இல்லாத பொடிக்கு அந்த முறைகள் எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. சர்க்கரையைக் குறைக்கும் ஆங்கில மாத்திரையையே பொடித்துக் கலந்து மூலிகை என்று விற்ற நிகழ்வுகள் பல நாடுகளில் பிடிபட்டுள்ளன. அவ்வாறான பொடி வியக்கத்தக்க வேகத்தில் வேலை செய்வதும், திடீரென ஒருநாள் சர்க்கரை தாழ்ந்து மயக்கத்தில் தள்ளுவதும் அதனால்தான். கலப்படம் இல்லாத சிறுகுறிஞ்சானும்கூட, மாத்திரையோடு சேரும்போது சர்க்கரையை மிகத் தாழ்த்தக்கூடும். கொரோனாக் காலத்தில் சீந்தில் கஷாயத்தைத் தொடர்ந்து பருகிய சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. விவாதம் இன்னும் தீரவில்லை என்றே கொள்ளலாம்.

சொல்லப்பட வேண்டிய இன்னொரு தவறு, நோயையே தவறாக எண்ணிக்கொள்வது. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறைவது உண்டு. அந்தக் குறைவும் காலில் மதமதப்பையும் எரிச்சலையும் தரும். ஊசியோ மாத்திரையோ போட்டால் தேறவும் செய்யும். பி12 தாவரங்களில் இல்லாத சத்து. ஓர் இரத்தச் சோதனையில் தெரியவேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் ஈராண்டு கஷாயம் குடித்தால், மீளக்கூடிய நரம்பு மீளாத நரம்பாகிவிடும்.

வீட்டு வைத்தியங்களில் மிகுந்த கேடு செய்வது குடிப்பது அன்று, ஒத்தடம். குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, காலை அழுத்தி வைப்பது வட தமிழகத்தில் பரவலான வழக்கம்; உப்பிட்ட வெந்நீரில் காலை ஊறவைப்பது மற்றொன்று. உணர்வுள்ள காலுக்கு இவை இதமானவை, ஏனெனில் பொறுக்க முடியாதபோது கால் தானே விலகிவிடும். மரத்த கால் விலகாது. தோல் வெந்து கொப்புளித்த பிறகே மற்றவர் கண்ணில் படும். அந்தப் புண் ஆறாமல் எலும்புவரை போய் விரலையோ காலையோ இழந்தவர்களை இந்தியாவின் எந்த நீரிழிவுப் பாத மருத்துவரும் தம் பட்டியலில் வைத்திருப்பார். மருதாணி அரைத்துப் பூசுவது குளிர்ச்சி தரும், தேங்காய் எண்ணெய் வெடிப்பை மென்மையாக்கும். இவற்றை விரலிடுக்கில் மட்டும் தவிர்த்துச் செய்துகொள்வதில் குறையில்லை.

மரத்த காலை எவ்வாறு காப்பது என்பதை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததில் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு என்பது அந்த மாவட்டத்தவரிலேயே பலர் அறியாத செய்தி. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் குட்டையாகிப் போவதற்கான காரணத்தைத் தேடினார். நோய்க்கிருமி சதையைத் தின்பதால் விரல் உதிர்கிறது என்பதே அன்றைய நம்பிக்கை. கிருமி அழிப்பது நரம்பை. நரம்பு போனதால் வலி போகிறது. வலி இல்லாததால் நோயாளி தானறியாமல் சுட்டுக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் காயத்தின்மேலேயே நடந்தும் காலை அழித்துக்கொள்கிறார் என்று அவரும் உடன் பணியாற்றியோரும் காட்டினர். 1955இல் வேலூருக்கு அருகே தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆய்வு நிலையத்தில் இந்த அறிவு செயலாயிற்று: அழுத்தத்தைப் பரவலாக்கும் மென்மையான நுண்துளை ரப்பரை அடித்தட்டாக வைத்து, ஆணி அடிக்காமல் செய்த செருப்புகளை அணிந்தவர்களுக்குப் புண் திரும்ப வருவது குறைந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று தமிழகத்து நீரிழிவு மருத்துவமனைகள் எழுதிக்கொடுப்பது அதையே. பிராண்டு 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார்; அங்கிருந்து அந்த முறைகள் நீரிழிவு நோயாளிகளின் கால்களுக்கு விரிந்தன. காரணம் கிருமியா சர்க்கரையா என்பது பாதத்துக்குத் தெரியாது. உணர்வு போனபின் அதற்கு வேண்டிய பாதுகாப்பு ஒன்றே.

பின்னாளில் சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இராயபுரத்து நீரிழிவு மருத்துவமனையும் இணைந்து, நீரிழிவு நோயாளிகளுக்கான காலணிகளை நடை அழுத்தத்தை அளந்து வடிவமைத்தன. ஆம்பூரும் இராணிப்பேட்டையும் உலகின் பெரிய நிறுவனங்களுக்குக் காலணி தைத்து அனுப்பும் ஊர்கள். மரத்த காலுக்கு ஏற்ற அடித்தட்டை வெட்டவும் தைக்கவும் தேவையான கைத்திறன் அந்தத் தெருக்களில் நிரம்பிக் கிடக்கிறது. அதே தெருக்களில் பட்டை தேய்ந்த ரப்பர் செருப்போடோ வெறுங்காலோடோ நடக்கும் நீரிழிவு நோயாளிக்கு, மாதந்தோறும் பொடிக்குச் செலவழிக்கும் பணத்தில் அத்தகைய செருப்பு ஒன்றை வாங்கலாம் என்று எவரும் சொல்வதில்லை என்பதே வருத்தம். ஆவாரம்பட்டையால் ஒரு காலத்தில் இவ்வட்டாரம் பாதத்துக்குச் செய்த நன்மை, ஆவாரம்பொடியால் செய்யக்கூடியதைவிடப் பெரிது.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954இல் நிறைவேறியது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்கள் என்று அது இணைத்துள்ள பட்டியலில் நீரிழிவும் உள்ளது. பேருந்து நிலையச் சுவரிலும் கைப்பேசித் திரையிலும் வரும் ‘நிரந்தரத் தீர்வு’ அறிவிப்புகள் அனைத்தும் அந்தச் சட்டத்தை மீறுபவை.

ஆவாரம்பூவைக் காய்ச்சிப் பருகும் வழக்கம் உள்ளவர்கள், மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டு, மாத்திரையை நிறுத்தாமல், சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு பருகுவதில் தடையில்லை. சித்த மருத்துவத்தை நாடுவோருக்கு அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உள்ளன. எரிச்சலால் தூக்கம் கெடுவோர் பிரிகாபலின், டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் பற்றி மருத்துவரைக் கேட்கலாம். அவையும் வலியைத் தணிப்பவையே, நரம்பை வளர்ப்பவை அல்ல. நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும், காலில் தொல்லை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்: பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் தொட்டு, கண்ணை மூடியிருப்பவர் அதை உணர்கிறாரா என்று கேட்பதும், அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்துப் பார்ப்பதுமே அந்தச் சோதனை. தமிழக அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் இதற்கென்றே தொடங்கப்பட்டுள்ளது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், சில நிமிடங்களே ஆகும்.